மாட்டுக்குறி போட்ட ரீசேட்

தொண்ணூற்று நான்காம் ஆண்டின் தொடக்கத்தில், கனடாவில் இருந்த என் தங்கையின் மகன் எனக்கு ஒரு தடித்த உறை அனுப்பியிருந்தான். அது நெடுந்தீவுக்கு வந்துசேர இரண்டு மாதத்துக்கு மேல் பிடித்தது. கடிதம் ஒரு பக்கம்தான். மிச்சமெல்லாம் இரண்டு ஓரங்களிலும் வரிசையாகத் துளையிட்டு, ஒன்றோடொன்று தொடுத்து மடித்திருந்த கணினித் தாள்கள். நெடுந்தீவை விட்டுப் போனவர்கள் இருபத்துச் சொச்சம் பேர் கனடாவிலும் நோர்வேயிலும் இலண்டனிலும் இருந்துகொண்டு கணினி மூலம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள் என்றும், ஒருவர் எழுதினால் அத்தனை பேரும் வாசிக்கலாம் என்றும், என் பொழுதுபோக்குக்காக அதைத் தாளில் எடுத்து அனுப்புகிறான் என்றும் எழுதியிருந்தான். இன்றைக்கு அதை மின்னஞ்சல் குழு என்கிறார்கள். அப்போது அதில் வியந்துபோகும் நிலையில் நான் இருக்கவில்லை. ஆனாலும் வாசித்தேன். வாசிக்க வேறொன்றும் இல்லை.

தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார்கள். கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வாய்விட்டு வாசித்தால் மெல்ல மெல்லத் தமிழாகும். பனிக்காலம் எப்படி, எந்தக் கடையில் பனங்கட்டி கிடைக்கும், ஊரில் யாருக்குச் சுகமில்லை, யாருடைய வீட்டுக் கூரை விழுந்தது என்பவைதான் விஷயங்கள். சண்டையும் இருந்தது. சண்டை வந்தால் நோர்வேயில் இருந்த ஒருவர் இரண்டு வரி எழுதுவார், அது அடங்கிவிடும். அந்தக் குழுவைத் தொடங்கியவரும் நடத்தியவரும் அவர்தான். புதிதாக ஒருவர் சேருவதென்றால் அவருக்குத்தான் எழுத வேண்டும். எல்லாரும் அவரை அண்ணை என்றார்கள், அவரைவிட மூத்தவர்கள்கூட.

அவருடைய பெயரைக் கண்டதும் எனக்கு ஆளைத் தெரிந்தது. எங்கள் மாடுகளை நாற்பது வருஷம் பார்த்தவரின் மகன். தகப்பனார் அப்போதும் எங்கள் காணியின் தெற்கு மூலையில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருந்தார். குழுவில் இருந்த மற்றவர்களுக்கு இது தெரியாது. சிறு வயதில் ஊரைவிட்டுப் போனவர்களும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வளர்ந்தவர்களும்தான் அதில் அதிகம். அவர்களுக்கு அவர் நெடுந்தீவார், அவ்வளவுதான். என் மருமகனுக்கும் தெரியாது. அவன் ஏழு வயதில் போனவன்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் இருபத்தெட்டு வருஷம் படவரைஞனாக இருந்தவன் நான். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நான் வாடகைக்கிருந்த அறை எரிந்தது. கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, அங்கிருந்து ஊர் வந்து சேர்ந்தபோது வயது ஐம்பத்தைந்து. பென்சன் எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். தொண்ணூறுக்குப் பிறகு தீவில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. கடற்படையின் கணக்கெடுப்புக்குப் போவது, படகு வருமா என்று பார்ப்பது, தண்ணீர் அள்ளுவது என்று நாட்கள் போயின. பத்து வருஷமாக ஒரு கோடும் கீறாமல் கை சும்மா கிடந்தது.

இரண்டாவது உறையில்தான் ரீசேட் கதை வந்தது. அடுத்த கோடையில் எல்லாரும் ரொறன்ரோவில் ஒரு பூங்காவில் கூடுவதென்று தீர்மானித்திருந்தார்கள். இரண்டு வருஷமாக எழுதிப் பழகியவர்கள் முதல்முறையாக நேரில் காணப் போகிறார்கள். முகம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க ஒரே மாதிரிப் படம் அச்சடித்த பனியன் சட்டை, அதுதான் ரீசேட், போட வேண்டும். அதில் என்ன படம் போடுவது என்பதில் பதினொரு தாள் நீளத்துக்குச் சண்டை.

இலண்டனில் இருந்த ஒருவர் குதிரை போடவேண்டும் என்றார். ஊரில் காடுமேடெல்லாம் திரியும் குதிரைதான் நெடுந்தீவின் அடையாளம் என்பது அவருடைய வாதம். ரொறன்ரோவில் இருந்த ஒரு பெண்பிள்ளை அதற்குப் பதில் எழுதியிருந்தாள்: “நாங்கள் ஆரும் உதிலை ஏறினனாங்களோ? எங்களைக் கண்டால் அது ஓடும், அதைக் கண்டால் நாங்கள் ஓடுவம்.” ஆபிரிக்காவில் இருந்து வந்து ஊரில் நிற்கும் பெருக்கமரம் போடலாம் என்றால், ஆபிரிக்கா என்று நினைப்பார்கள் என்று இன்னொருவர். கோட்டை போடலாம் என்றால், ஒல்லாந்தன் கட்டினதை நெஞ்சிலே போட்டுக்கொண்டு திரிவதா என்று வேறொருவர். பிறகு கோயில் வந்தது. சைவக்காரர் ஒரு கோயிலைச் சொல்ல, வேதக்காரர் ஒரு மாதா கோயிலைச் சொல்ல, சூடு பிடித்தது. நோர்வேக்காரர் இரண்டு வரி எழுதினார்: “கோயில் வேண்டாம். ரீசேட் ஊத்தை உடுப்போடை மெசினுக்குள்ளை போடுற சாமான்.” அதோடு அடங்கிற்று.

தாளின் முடிவில் மருமகன் கையால் எழுதியிருந்தான்: “மாமா, நீங்கள்தான் கீறித் தரவேணும். ஒரு நிறம்தான் அடிக்கலாம். மெல்லிய கோடு துணியிலை நிக்காதாம்.”

அந்த ஒரு வரி என்னை எப்படி எழுப்பி உட்கார வைத்தது என்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. யாரோ எனக்கு வேலை தந்துவிட்டார்கள். கணினித் தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் கீறிக் கீறிப் பார்த்தேன். நண்டு கீறினேன், படகு கீறினேன், பனை கீறினேன். எல்லாம் பிஸ்கற் பெட்டிப் படம் மாதிரி இருந்தது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, எங்கள் பசு வேலியோரம் படுத்திருந்தபோது அதன் தொடையில் இருந்த குறியைக் கண்டேன். தடித்த கோடு. ஒரே நிறம். தூரத்தில் நின்றாலும் தெரியும்.

எங்கள் தீவில் மாடுகளைக் கட்டி வளர்ப்பதில்லை. வெளியில் விடுவோம். அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி உண்டு. வட்டத்துக்குள் ஒரு கோடு, கவிழ்த்த பிறை, காலில்லாத நாற்காலி மாதிரி ஒன்று, இப்படி. வருஷத்தில் ஒருநாள் கன்றுகளைப் பட்டிக்குள் அடைத்து, இரும்பைப் பழுக்கக் காய்ச்சிக் குறி சுடுவார்கள். அந்தக் குறி தகப்பனிடமிருந்து பிள்ளைக்குப் போகும். மகளுக்குச் சீதனமாக மாடு கொடுத்தால் அதே குறிக்குக் கீழே ஒரு கோடு சேரும். குறியைப் பார்த்து இன்னார் வீட்டு மாடு என்று சொல்வார்கள். இன்னார் வீடு என்பதையும் அப்படியே சொல்வார்கள்.

ரீசேட்டின் முன்பக்கம் தீவின் எல்லாக் குறிகளும் வரிசை வரிசையாக. வலது கையில், தோளுக்குக் கீழே, போடுகிறவரின் சொந்த வீட்டுக் குறி மட்டும் பெரிதாக. இதுதான் என் யோசனை. அந்தக் கை யோசனையில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சமல்ல.

எனக்கு எட்டோ ஒன்பதோ குறிகள்தான் தெரியும். எல்லாம் தெரிந்த ஆள் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். அவரிடம் போனேன். மாடு பார்த்தவரிடம்தான்.

என்னிலும் நாலு வயது மூத்தவர் அவர். நான் அவரை ‘நீ’ என்றுதான் பேசுவேன். அவர் என்னை ‘நயினார்’ என்பார். இங்கே ‘அவர்’ என்று எழுதுவது பிந்தி வந்த மரியாதை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் கேட்டதும் அவர் முற்றத்தில் குந்தியிருந்து, ஒரு தடியால் மண்ணில் ஒவ்வொன்றாகக் கீறத் தொடங்கினார். வடக்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு வளவாக நடந்துபோவது போல. கீறியபடியே, இந்த வீட்டில் இப்போது யாருமில்லை, இவர்களின் எருது கிணற்றுக்குள் விழுந்தது, இந்தக் குறியை இரண்டு சகோதரர் பங்குபோட்டுச் சண்டை பிடித்தார்கள் என்று சொன்னார். நான் கொப்பியில் பிரதிபண்ணினேன். முப்பத்தேழு குறிகள். ஒன்றையும் யோசித்து நிற்கவில்லை அவர். அத்தனை கன்றுகளையும் மடக்கிப் பிடித்தவை அவருடைய கைகள்தான். நாங்கள் இரும்பை வைப்போம், அவ்வளவுதான்.

முடிந்ததும் இது யாருக்கு என்று கேட்டார். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு, உடுப்பில் அடிக்க என்றேன்.

“என்ரை பெடியனும் உதுக்குள்ளை நிக்கிறானோ நயினார்?”

“அவன்தான் அதுக்குத் தலையாள்” என்றேன்.

அவர் சிரித்தார். பல்லில்லாத வாயை மூடிக்கொண்டு, மண்ணைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தேழு வீட்டுக் குறிகளையும் கீறி முடித்த மனிதனுக்குச் சொந்தமாக ஒரு மாடும் இல்லை, ஒரு குறியும் இல்லை என்பது அந்த முற்றத்தில் என் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. நான் அதைக் காணவில்லை. கண்டிருந்தும் பேசாமல் விட்டேன் என்றால் அது பெரிய குற்றம். காணவேயில்லை என்பதைச் சின்னக் குற்றமென்று சொல்ல எனக்கு இப்போது மனம் வரவில்லை.

கந்தோரில் இருந்து என்னோடு தப்பி வந்த நல்ல தாள் இரண்டு பெட்டிக்குள் இருந்தது. ஒன்றில் கறுப்பு மையால் படத்தை முடித்தேன். இறங்குதுறையில் கடற்படைக்காரர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தேழு விளங்காத அடையாளங்களும் கனடா விலாசமும் இருந்தால் யார்தான் பிடிக்கமாட்டார்கள்? எனக்குச் சிங்களம் நன்றாக வரும். மாட்டுக்குறி என்று சொன்னேன். இளம் அதிகாரி நம்பவில்லை. துறையடியில் நின்ற ஒரு பசுவிடம் அவரைக் கூட்டிக்கொண்டு போய், அதன் தொடையையும் தாளையும் மாறி மாறிக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, தன் ஊரிலும் இப்படித்தான் சுடுவார்கள் என்றார். உறையைத் தானே ஒட்டித் தந்தார்.

மூன்று மாதம் கழித்து அடுத்த உறை. குழு முழுதும் கொண்டாட்டம். குதிரைக்காரர்கூட மனம் மாறிவிட்டார். கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருந்த தாய்தகப்பனுக்குத் தொலைபேசி எடுத்துத் தங்கள் குறி எதுவென்று கேட்டு, ஒவ்வொருவரும் எழுதினார்கள். ஒருவருடைய தகப்பனார் தொலைபேசியிலேயே அழுதுவிட்டாராம். யார் யாருக்கு எந்த அளவுச் சட்டை, கையில் எந்தக் குறி என்ற பட்டியலை நோர்வேக்காரர்தான் தயாரித்தார். படத்தில் நான் குறிகளுக்கு இலக்கம் போட்டிருந்தேன். பெயர், அளவு, குறி இலக்கம் என்று இருபத்து மூன்று வரிகள். ஒரு வரியில் மட்டும் இலக்கம் இல்லை. அது அவருடைய வரி.

இலண்டன்காரர் பகிடியாகக் கேட்டிருந்தார்: “அண்ணை, உங்கடை குறி எங்கை? மாடு களவெடுத்த ஆக்களோ நீங்கள்?” ரொறன்ரோப் பெண்பிள்ளை, “அண்ணைக்கு எல்லா மாடும் சொந்தம், அதுதான் போடேல்லை” என்று எழுதியிருந்தாள். ஒன்றும் தெரியாத பகிடி. அவர் பதில் எழுதவில்லை. எல்லாச் சண்டைக்கும் இரண்டு வரி எழுதுகிறவர் இதற்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. மருமகன் அவருக்குத் தனியாக எழுதிக் கேட்டிருக்கிறான். “உம்முடைய மாமாவைக் கேளும்” என்று பதில் வந்ததாம். அதை அப்படியே எனக்கு எழுதி, “அவருடைய குறி என்ன மாமா?” என்று கேட்டிருந்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என்ன செய்திருக்கலாம் என்பதை இத்தனை வருஷம் யோசித்திருக்கிறேன். கைக்குறியே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். என் கைபட்ட படம், நான் சொன்னால் எடுத்திருப்பார்கள். குழுவுக்கு ஒரு புதுக்குறி கீறி, எல்லாருக்கும் அதைப் போடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கை யோசனையை விட எனக்கு மனமில்லை. அதில்தான் என் கெட்டித்தனம் முழுதும் இருந்தது.

நான் நோர்வேக்கு நேரே ஒரு கடிதம் எழுதினேன். அவனை, அதாவது அவரை, வாழ்க்கையில் முதல்முறையாக ‘நீர்’ என்று எழுதினேன். அதுவே பெரிய காரியம் என்று எனக்கு அப்போது பட்டது. உம்முடைய தகப்பனார் நாற்பது வருஷம் எங்கள் மாடுகளோடு நடந்தவர், எங்கள் குறியில் உமக்கும் உரிமை இருக்கிறது, எங்கள் குறியையே உம்முடைய கையில் போடும், எங்கள் வீட்டில் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள், கேட்கிறவர்களுக்கு எங்கள் சொந்தம் என்று சொல்லலாம் என்று எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். நல்ல மனதோடு எழுதிய கடிதமாகத் தெரிந்தது. அன்று பின்னேரம் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தபோது, நான் ஒரு திறந்த மனதுக்காரன் என்ற எண்ணம்கூட வந்தது.

பதில் வர நெடுங்காலம் எடுத்தது. ஒரு சின்ன நீலக்கடிதம். கையெழுத்து அழகாக இருந்தது.

“ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. குறி என்பது ஒன்று இன்னாருக்குச் சொந்தம் என்று காட்டச் சுடுவது. உங்கள் குறியை என் கையில் போட்டால் நான் என்ன என்று நீங்கள் யோசிக்கவில்லை. குழுவை உங்கள் மருமகனிடம் கொடுத்துவிட்டேன். அவர்மீது எனக்குக் கோபமில்லை. அப்பாவுக்கு இதைச் சொல்ல வேண்டாம்.”

இவ்வளவுதான். வைது எழுதியிருந்தால் நான் கோபப்பட்டாவது தப்பியிருப்பேன்.

திருப்பி எழுதத் தாளை எடுத்தேன். என்ன எழுதினாலும் அது இன்னொரு தயவாகவே முடிந்தது. மன்னிக்கவேண்டும் என்று எழுதினால், அவரை மன்னிக்கச் சொல்லி நான் கட்டளையிடுகிற மாதிரி இருந்தது. நாளைக்கு எழுதுவோம் என்று வைத்தேன். படகு இல்லை, தபால் இல்லை, மறுபடியும் யுத்தம் தொடங்கிவிட்டது என்று காரணங்களுக்குக் குறைவிருக்கவில்லை. எழுதவேயில்லை.

பிறகு மருமகனின் உறைகளும் மெலிந்துவந்தன. நோர்வேக்காரர் ஏன் விலகினார் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலை கூடிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். சண்டை வந்தால் தீர்த்துவைக்க ஆளில்லை. மூன்று பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். ஆனால் பூங்காவில் கூடினார்கள். அதன் படம் ஒன்று தொண்ணூற்றைந்தின் பிற்பகுதியில் எனக்கு வந்தது. புல்தரையில் பத்தொன்பது பேர் வெள்ளை ரீசேட்டோடு வரிசையாக நிற்கிறார்கள். கைக்குறி தெரியட்டும் என்று எல்லாரும் வலது தோளை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். அச்சு நன்றாக விழுந்திருந்தது. கோடு எங்கும் கலங்கவில்லை. அதைப் பார்க்க எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

படம் வந்தது எப்படியோ தெரிந்து, மாடு பார்த்தவர் வந்துவிட்டார். அப்போது அவருக்குக் கண் கொஞ்சம் மங்கல். வாசலில் நின்றபடியே கேட்டார். நான் கதிரையில் இருக்கச் சொன்னேன். அவர் இருக்கவில்லை. படத்தை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரை அவர் வாழ்க்கையில் கண்டதேயில்லை. ஆனாலும் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கையாகப் பார்த்து, இது தென்னங்காணி வீட்டுப் பேரன், இது கிணற்றடி வீட்டு மகளின் பிள்ளை, கீழே கோடு இருக்கு, இது உங்கடை மருமகன் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒன்றும் பிழைக்கவில்லை. பத்தொன்பதும் முடிந்தது. மறுபடியும் முதலில் இருந்து பார்த்தார்.

“என்ரை பெடியனைக் காணேல்லை நயினார்.”

சொல்ல வேண்டாம் என்று மகன் எழுதியிருந்தார் என்பது உண்மை. ஆனால் நான் அதை நினைத்துப் பேசாமல் இருக்கவில்லை. அந்த மனிதரின் முகத்துக்கு முன்னால் நிற்க எனக்குப் பயமாக இருந்தது. நான் செய்தது வெளியே வந்துவிடும் என்ற பயம்.

“படம் எடுத்தவன் அவன்தான்” என்றேன். “எடுக்கிற ஆள் எப்பிடிப் படத்திலை வாறது?”

அவர் படத்தைத் திரும்ப ஒருமுறை பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

“ஓம் ஓம். தலையாளெல்லே. ஆக்களை வரிசையா நிப்பாட்டத் தெரிஞ்சவன் அவன்தானே.” படத்தை இன்னும் கையில் வைத்திருந்தார். “அவன் எடுத்த படமெண்டால், இதை எனக்குத் தாறியளோ?”

கொடுத்தேன். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு மடங்காமல் நெஞ்சோடு அணைத்தபடி வேலியோரமாக நடந்து போனார்.

அவர் இன்னும் நாலு வருஷம் இருந்தார். அந்த வீட்டுச் சுவரில், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் அது தொங்கியது. போகிற வருகிற எல்லாருக்கும் மகன் எடுத்த படம் என்று காட்டுவார். நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். செத்தவீட்டுக்கு மகன் வரமுடியவில்லை. அடுத்த வருஷம் வந்து, வீட்டில் இருந்த சாமான்களை எடுத்துக்கொண்டு இரண்டு நாளில் திரும்பிவிட்டார் என்று சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் நான் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வேண்டுமென்று போய்ப் படுக்கவில்லை. ஆனால் அவர் வந்துபோன செய்தியைக் கேட்டபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

சுவரில் இருந்த அந்தப் படத்தைக் கண்டு, அது என்னவென்று அயலவரிடம் கேட்டாராம். நீங்கள் எடுத்த படமெண்டு உங்கடை அப்பா சொல்லுறவர் என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லையாம். கழற்றித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனாராம்.